தமிழர் ஆங்கிலத்தில் நேரும் இலக்கணப் பிழைகள்

தமிழர் ஆங்கிலத்தில் நேரும் இலக்கணப் பிழைகள் என்பவை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலம் பேசும்போதும் எழுதும்போதும் திரும்பத் திரும்பத் தோன்றும், ஆங்கில இலக்கணத்துக்குப் பொருந்தாத தொடரமைப்புகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை கவனக்குறைவால் விளைவன அல்ல. தமிழ் இலக்கண விதி ஒன்று ஆங்கிலத் தொடருக்குள் நுழைந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்வதால் விளைவன. எனவே, எந்தத் தமிழ் விதி எங்கே நுழைகிறது என்பதைக் கண்டறிந்தால் பிழையைத் திருத்துவது எளிதாகும். இக்கட்டுரையில் ஆங்கில எடுத்துக்காட்டுகள் யாவும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன.

பின்னணி

சென்னையின் வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் பகுதி துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்தது. எம். ஆர். எஃப். நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கியது. இராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 1950களில் இங்கு அமைந்தது. அசோக் லேலண்டு எண்ணூரில் உள்ளது; எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயற்படத் தொடங்கியது. இத்தகைய இடங்களில் வேலைத்தளத்தின் பேச்சு பெரும்பாலும் தமிழ். ஆனால் பணிமுறைப் பதிவேடு, பணி அனுமதிச் சீட்டு, சரக்கு ஆவணம், நேர்காணல் ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. ஆயினும், தமிழில் படித்தவரும் வேலைக்குச் சேர்ந்த பின்னர் ஆங்கிலத்தில் எழுதியே ஆகவேண்டியுள்ளது.

தன் தொழிலை நன்கு அறிந்த ஒருவர் நேர்காணலில் இரண்டு தொடர்களிலேயே எடைபோடப்படுவது இதன் ஒரு விளைவு. பதிவேட்டில் எழுதப்பட்ட தொடரை அடுத்த பணிமுறையில் வருபவர் வேறு பொருளில் புரிந்துகொள்வது மற்றொரு விளைவு. முன்னது மானம் சார்ந்தது. பின்னது பாதுகாப்பு சார்ந்தது. பள்ளித் தேர்வு இவ்விரண்டு வகைப் பிழைக்கும் ஒரே அளவு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. இது பொருத்தமான அளவுகோல் என்று கொள்வதற்கில்லை.

பிழை குறித்த ஆய்வுகள்

இரு மொழிகளின் இலக்கணத்தை அருகருகே வைத்து ஒப்பிட்டால், மாணவர் எங்கே இடறுவார் என்பதை முன்கூட்டியே சொல்லலாம் என்ற கருத்தை இராபர்ட் லாடோ 1957இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரையில், களைப்பாலும் அவசரத்தாலும் நேரும் தவறு வேறு, மாணவர் தமக்குள் உருவாக்கிக்கொண்ட விதியால் நேரும் பிழை வேறு எனப் பிரித்தார். முன்னதை மாணவரே திருத்திக்கொள்வார். பின்னது அவர் எந்த விதியைப் பின்பற்றுகிறார் என்பதைக் காட்டும் சான்று. நிரல் எழுதுவோர் தட்டச்சுப் பிழையையும் தருக்கப் பிழையையும் பிரிப்பதை இதனோடு ஒப்பிடலாம். தருக்கப் பிழை உள்ள நிரல் எத்தனை முறை ஓட்டினாலும் அதே தவறான விடையையே தரும்.

காலம் காட்டுவதில் நேரும் பிழைகள்

தமிழர் ஆங்கிலத்தில் மிகுதியான சிக்கல் வினைச்சொல்லின் காலத்திலேயே உள்ளது. தமிழின் நிகழ்காலம் வழக்கமான செயலையும் இப்போது நடக்கும் செயலையும் ஒருசேரக் குறிக்கும். 'அவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார்' என்ற தொடர் இரண்டுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் 'வர்க்ஸ்' என்பது வழக்கம். 'ஈஸ் வர்க்கிங்' என்பது இப்போது நடப்பது. இந்த வேறுபாடு தமிழில் கட்டாயமாக இல்லாததால், 'இங்' சேர்த்த வடிவம் எல்லா இடத்துக்கும் பரவிவிடுகிறது. 'ஐ ஆம் நோயிங் டாமில்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' ஆகியவை இவ்வாறு பிறந்தவை. 'ஐ நோ டாமில்', 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பனவே சரியானவை.

இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை உண்டு. எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் புரிகிறது, எனக்கு இரண்டு தம்பிகள் உண்டு என்ற தொடர்களை நோக்குக. இவற்றில் 'நான்' என்பது வராமல், நான்காம் வேற்றுமை ஏற்ற 'எனக்கு' வருகிறது. இவற்றுக்கு ஈடான 'நோ', 'வான்ட்', 'லைக்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'ஹேவ்' ஆகிய ஆங்கில வினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. 'எனக்கு' வரும் இடத்தில் 'இங்' வராது என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான பிழைகள் நீங்கும். 'எனக்கு வேர்க்கிறது' போன்ற சில விலக்குகள் உண்டு. அதற்கு 'ஐ ஆம் ஸ்வெட்டிங்' என்றே சொல்ல வேண்டும். 'நான் நம்புகிறேன்' என்பதில் 'எனக்கு' இல்லாதபோதும் 'ஐ பிலீவ்' என்றுதான் வரும். இது முழுமையான விதியன்று. எனினும், 'நிலைவினை' என்று பெயர் சொல்லி நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடப் பயனுள்ளது.

தமிழின் எதிர்காலம் மற்றொரு பொறி. 'தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன்' என்பதில் எதிர்கால இடைநிலை வந்தாலும் பொருள் வழக்கம்தான். 'சிறுவயதில் கடற்கரையில் விளையாடுவோம்' என்பதில் அதே எதிர்காலம் இறந்தகால வழக்கத்தைக் குறிக்கிறது. தமிழ் மாணவர் இவற்றை 'எவ்ரி டே ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்', 'இன் சைல்ட்ஹுட் வி வில் ப்ளே' என எழுதுவார். முன்னதற்கு 'ஐ கெட் அப்', பின்னதற்கு 'வி யூஸ்டு டு ப்ளே' என்பன சரியானவை. நேர்காணலில் அன்றாட வழக்கத்தைப் பற்றிக் கேட்கப்படும் வினாவுக்கு 'வில்' நிறைந்த விடை வருவதன் காரணம் இதுவே.

'நேற்று வந்திருக்கிறார்' என்பது தமிழில் குறையற்ற தொடர். பேசுபவர் தாம் நேரில் காணாமல், பின்னர் அறிந்த செய்தி என்ற குறிப்பும் அதில் பல வேளைகளில் அடங்கியிருக்கும். அதை அப்படியே பெயர்த்து 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' என்றால் பிழை. முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்தால் ஆங்கிலம் 'ஹேஸ்', 'ஹேவ்' ஆகியவற்றை ஏற்காது. 'ஹி கேம் எஸ்டர்டே' என்றே எழுத வேண்டும். கால நீட்சியைச் சொல்லும்போது இதற்கு மாறாக 'ஹேவ்' தேவைப்படுகிறது. 'மூன்று ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்பது 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என வரும். 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பது பிழை. தமிழில் 'ஆக' வந்தால் 'ஃபார்', 'முதல்' வந்தால் 'சின்ஸ்' என்று கொள்ளலாம். விம்கோ நகருக்கு மெட்ரோ இரயில் 2021 முதல் ஓடுகிறது என்பதை எழுத 'சின்ஸ் 2021' வேண்டும்.

எதிர்மறையும் தன்வினை பிறவினையும்

'போகவில்லை' என்ற சொல்லில் காலம் இல்லை. நேற்று போகவில்லை, இன்னும் போகவில்லை என எதனுடனும் அது சேரும். ஆங்கில எதிர்மறையில் காலம் கட்டாயம். அதைச் சுமப்பது 'டூ', 'டிட்' என்ற துணைவினை. அத்துணைவினை காலத்தை ஏற்றுக்கொண்ட பின் முதன்மை வினை மீண்டும் ஏற்கக்கூடாது. ஆகையால் 'ஐ டிட் நாட் வென்ட்' என்பது பிழை. 'ஐ டிட் நாட் கோ' என்பதே சரி.

பதிவேட்டில் இதன் விளைவு பெரிது. 'வால்வ் நாட் க்ளோஸ்டு' என்று எழுதினால், மூட மறந்தார்களா, மூட முயன்றும் இயலவில்லையா, வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார்களா என்பது தெரியாது. 'த வால்வ் குட் நாட் பி க்ளோஸ்டு', 'த வால்வ் வாஸ் லெஃப்ட் ஓப்பன்' என்று எழுதினால் ஐயம் நீங்கும்.

இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் தெளிவானது என்பதையும் குறிப்பிட வேண்டும். நின்றது, நிறுத்தினார் என்பவை தமிழில் வெவ்வேறு சொற்கள். நம் இலக்கணம் இவற்றைத் தன்வினை, பிறவினை என்று பிரிக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஸ்டாப்டு' ஒன்றே. 'பம்ப் ஸ்டாப்டு 2.10' என்ற குறிப்பைப் படிப்பவர், பம்ப் தானாக நின்றதா, ஒருவர் நிறுத்தினாரா என்று அறிய முடியாது. தமிழில் சிந்திப்பவருக்கு இரண்டும் வெவ்வேறு செய்திகள், எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. ஒருவர் நிறுத்தியிருந்தால் 'வாஸ் ஸ்டாப்டு' என எழுதி, யார், எதற்காக என்பதையும் சேர்க்க வேண்டும். தானாக நின்றிருந்தால் 'ஸ்டாப்டு பை இட்செல்ஃப்' எனலாம். 'பம்ப் ஸ்டாப்' என்று மட்டும் எழுதுவது இவ்விரண்டையும்விட மோசமானது. அது நடந்ததைச் சொல்கிறதா, நிறுத்தச் சொல்கிறதா என்பதே விளங்காது.

வினாவும் விடையும்

தமிழில் வினாவுக்காகச் சொற்களின் வரிசை மாறுவதில்லை. எனவே 'வேர் யூ ஆர் கோயிங்?' என்று கேட்கிறோம். 'வேர் ஆர் யூ கோயிங்?' என்பதே நேர்வினா. இதைக் கற்றபின் மறுபக்கப் பிழை தோன்றும்: 'டெல் மி வேர் ஈஸ் த ஸ்டேஷன்'. பெரிய தொடர் ஒன்றினுள் வினா அடங்கிவிட்டால் வரிசை மீண்டும் இயல்பாகி, 'டெல் மி வேர் த ஸ்டேஷன் ஈஸ்' என்றாகும். 'இல்லையா?' என்ற ஒற்றைச் சொல்லைத் தமிழில் எத்தொடரின் இறுதியிலும் சேர்க்கலாம். அதனால் 'யூ ஆர் ஃப்ரம் எண்ணூர், இஸ்ன்ட் இட்?' என்று வருகிறது. 'ஆர்ன்ட் யூ?' என்று முடிவதே முறை. ஆனால் இதனால் எவரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

எதிர்மறை வினாவுக்கு விடை சொல்வது அத்தகையதன்று. 'வால்வை மூடவில்லையா?' என்று கேட்டால், 'ஆமாம், மூடவில்லை' என்று தமிழில் சொல்லலாம். கேட்டவரின் கூற்றை ஒப்புக்கொள்வதாக அது அமையும். 'டிட்ன்ட் யூ க்ளோஸ் த வால்வ்?' என்பதற்கு 'எஸ்' என்று ஆங்கிலத்தில் விடை சொன்னால் மூடிவிட்டதாகப் பொருள். ஒரே சொல் நேர் எதிரான செய்தியைத் தந்துவிடும். 'எஸ்', 'நோ' என்று மட்டும் சொல்லாமல் முழுத்தொடரையும் சொல்வதே பாதுகாப்பான வழி.

பிறர் கூற்றை எடுத்துரைப்பதிலும் இத்தகைய தலைகீழ் மாற்றம் நிகழும். தமிழில் 'என்று' வந்தால், சொன்னவரின் சொற்களை அப்படியே வைக்கலாம்: 'நான் நாளைக்கு வருகிறேன் என்று மேலாளர் சொன்னார்'. இதை 'த மேனேஜர் டோல்ட் மி தட் ஐ வில் கம் டுமாரோ' என்று எழுதினால், வரப்போவது மேலாளர் அல்லர், எழுதியவர். 'தட்' வந்தபின் 'ஐ' என்பது எழுதுபவரையே குறிக்கும். மேலாளரின் வருகையைச் சொல்ல 'ஹி வுட் கம்' என்று எழுத வேண்டும்.

ஆர்ட்டிகிளும் துறைமுக ஆங்கிலமும்

பள்ளிகளில் ஆர்ட்டிகிள் என்றே வழங்கப்படும் 'எ', 'ஆன்', 'த' ஆகியவற்றுக்கு நேரான இலக்கணக் கூறு தமிழில் இல்லை. 'ஒரு' என்பது 'எ' என்பதற்குச் சில இடங்களில் ஈடாகும். 'த' என்பதற்கு ஈடே இல்லை. கேட்பவருக்கு எந்தப் பொருள் என்று முன்பே தெரிந்திருந்தால் 'த', தெரியாத ஒன்றை முதன்முறை சொன்னால் 'எ' என்பது அடிப்படை. பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்றவர்க்கும் இது முழுமையாகக் கைவருவதில்லை.

எனினும் இதற்காக மாணவர் கொள்ளும் அச்சம் அளவுக்கு மிஞ்சியது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில், கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் இடையிலான தொடர்புக்கெனத் தரப்படுத்திய ஆங்கிலத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. பல தாய்மொழிகளைக் கொண்ட மாலுமிகளுக்கும் துறைமுகப் பணியாளர்களுக்கும் பொதுவான தொடர்கள் இவை. நெருக்கடி நேரத்துக்கான தொடர்களில் 'த', 'எ', 'ஈஸ்', 'ஆர்' போன்ற சொற்களைக் குறைவாகவே பயன்படுத்தும், பல இடங்களில் விட்டுவிடும் நடையை அது வேண்டுமென்றே கையாள்கிறது. அதே வேளையில் 'மே', 'மைட்', 'ஷுட்', 'குட்' போன்ற துணைவினைகள் இருபொருள் தருவன என்பதால் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. வினாவுக்கு 'எஸ்' அல்லது 'நோ' என்று சொன்ன பின் உரிய தொடரை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. 'இது வினா', 'இது எச்சரிக்கை', 'இது நோக்கம்' எனச் செய்தியின் வகையை முன்கூட்டியே அறிவிக்கும் சொற்களும் உண்டு. பள்ளி ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடும் பிழையைக் கடலில் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆசிரியர் கவனிக்காமல் விடும் தெளிவின்மையை விலக்குகிறார்கள்.

நேர்காணலுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் இச்சலுகை இல்லை. அங்கு ஆர்ட்டிகிள் வேண்டும்.

வேற்றுமை உருபும் முன்னிடைச்சொல்லும்

தமிழில் பெயருக்குப் பின் வரும் உருபுகளும் சொல்லுருபுகளும் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் 'இன்', 'ஆன்', 'டு' முதலிய முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவதில்லை. 'பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்டு அபவுட்' என்கிறோம். 'டிஸ்கஸ்டு' மட்டும் போதும். 'அவர்மேல் கோபம்' என்பதால் 'ஆங்ரி ஆன் ஹிம்'. வேண்டுவது 'வித் ஹிம்'. 'நான் திருவொற்றியூரிலிருந்து வருகிறேன்' என்பதை 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் திருவொற்றியூர்' என்று அறிமுகத்தில் சொன்னால், அப்போதுதான் அங்கிருந்து வண்டியேறி வருவதாகப் பொருள்படும். ஊரைச் சொல்ல 'ஐ ஆம் ஃப்ரம் திருவொற்றியூர்' என்பதே போதும். இவற்றுக்குப் பொதுவிதி கிடையாது. வினையோடு சேர்த்தே கற்க வேண்டும்.

'தான்' என்ற அழுத்தச் சொல் 'ஒன்லி' ஆகிறது: 'ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி'. பேச்சில் குரலை உயர்த்தியும், எழுத்தில் தொடரை மாற்றியும் ஆங்கிலம் இதைக் காட்டும். 'என்றால்' என்பது 'மீன்ஸ்' ஆகிறது: 'லேட் மீன்ஸ் கால் மி'. இங்கு 'இஃப் யூ ஆர் லேட்' வேண்டும். 'ஆலும்', 'ஆனாலும்' இரண்டும் சேர்ந்து 'ஆல்தோ', 'பட்' இரண்டையும் ஒரே தொடரில் கொண்டுவருகின்றன; ஒன்று போதும்.

தமிழால் விளையாத பிழைகள்

எல்லாவற்றுக்கும் தாய்மொழியைக் காரணம் காட்டுவது சரியன்று. 'ஹி கோ', 'ஷி வர்க்' என்று இறுதி 'எஸ்' விடுபடுவதை எடுத்துக்கொள்வோம். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது எனத் தமிழ் வினை ஆங்கிலத்தைவிட மிகுந்த வேறுபாடுகளைக் கொண்டது. அவற்றைத் தவறின்றிச் சொல்பவர் ஒரே ஒரு 'எஸ்' சேர்க்க மறப்பதற்குத் தமிழ் காரணமாக முடியாது. பல மொழியினரும் ஆங்கிலம் கற்கும்போது இப்பிழையைச் செய்கின்றனர். ஜாக் ரிச்சர்ட்ஸ் 1971இல் எழுதிய கட்டுரை இத்தகைய பிழைகளை ஆங்கிலத்தின் அமைப்பிலிருந்தே விளக்கியது. 'கேன் ஏபிள் டு', 'ரிட்டர்ன் பேக்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' போன்றவையும் தமிழோடு மட்டும் தொடர்புடையன அல்ல.

சில வழக்குகளைப் பிழை என்பதே பொருந்தாது. 'ப்ரீபோன்' என்ற சொல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றுள்ளது. சகலையைக் குறிக்கும் 'கோ-பிரதர்' ஆங்கிலேயருக்குத் தேவைப்படாத சொல், நமக்குத் தேவை. பிரஜ் கச்ரு 1983இல் வெளியிட்ட நூல் முதலியவை இந்திய ஆங்கிலத்தைத் தனக்கென விதிகள் கொண்ட ஒரு வகையாகவே நோக்கின. அயல்நாட்டு வாசகருக்கு எழுதும்போது இச்சொற்கள் விளங்காமற் போகலாம் என்பதை மட்டும் கருத்திற் கொண்டால் போதும்.

திருத்தும் முறைகள்

தமிழகத்தில் ஆங்கிலப் பயிற்றுமுறை பற்றிய பெரிய முயற்சிகள் சில நடந்துள்ளன. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொடரமைப்புகளைப் படிப்படியாகப் பயிற்றும் முறையில் சென்னை மாநிலத்தின் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க முற்பட்ட 'சென்னைப் பனிப்பந்து' திட்டம் அவற்றுள் ஒன்று. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சியளிக்க, பனிப்பந்து போல் அது பெருகும் என்பது எதிர்பார்ப்பு. இதற்கு மாறான வழியை என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் சோதித்தார். இரயில் கால அட்டவணையைப் படித்து வழி சொல்லுதல் போன்ற பணிகள் மாணவர்க்குத் தரப்பட்டன. இலக்கணம் தனிப்பாடமாக நடத்தப்படவில்லை. கவனம் பொருளில் இருக்கும்போதுதான் மொழியமைப்பு மனத்தில் படியும் என்பது அவர் கொள்கை. பி. சி. ரென், எச். மார்ட்டின் ஆகியோரின் 1930களில் வெளிவந்த இலக்கண நூல் இன்றும் பரவலாகப் பயிலப்படுகிறது. அதில் விதிகள் தெளிவாக உள்ளன. ஆயினும், தமிழ் மாணவர் எந்த விதியில் இடறுவார் என்பதை அது தனியே காட்டுவதில்லை.

வளர்ந்தபின் தாமே கற்பவருக்கு எளிய முறை ஒன்று உண்டு. தாம் எழுதிய ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் திரும்பப் படித்துப் பார்க்கலாம். தமிழ் இயல்பாக ஒலித்தால், ஆங்கிலத்தில் பிழை இருக்க வாய்ப்பு மிகுதி. அத்தொடரை மறுபடி ஆராய வேண்டும். முதலில் பொருளை மாற்றும் பிழைகளை, அதாவது காலம், எதிர்மறை, பிறர் கூற்று ஆகியவற்றைக் கவனித்துவிட்டு, ஆர்ட்டிகிள், முன்னிடைச்சொல் ஆகியவற்றுக்குப் பின்னர் வரலாம். பேசிக்கொண்டிருப்பவரை ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தித் திருத்தினால் அவர் பேச்சையே நிறுத்திவிடுவார். எழுதியதைத் திருத்துவது அந்த வகையில் நல்லது.

கணினியில் இலக்கணம் சரிபார்க்கும் மென்பொருள்கள் 'டிட் நாட் வென்ட்', 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' போன்றவற்றை உடனே சுட்டிக்காட்டிவிடுகின்றன. மேலே கண்ட மேலாளர் தொடரும் பம்ப் தொடரும் வேறு வகையின. 'த மேனேஜர் டோல்ட் மி தட் ஐ வில் கம் டுமாரோ' என்பதில் மென்பொருள் 'வில்' என்பதை 'வுட்' என்று மாற்றச் சொல்லலாம். 'ஐ' என்பதில் அதற்கு எந்தக் குறையும் தெரியாது. நாளை வரப்போவது யார், பம்ப் தானாக நின்றதா, நிறுத்தப்பட்டதா என்பவை எழுதியவருக்கு மட்டுமே தெரிந்தவை.